கடை மூடின வருசம்

அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு. சிறிதளவே கள் கிடைத்தால் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாட அவனும் உடனிருந்து அருந்தி மகிழ்வான் என்றும் அந்த அம்மையார் எண்ணிக் கலங்கும் பாடல். அதனை ஆண்டுதோறும் இளங்கலை முதலாண்டு மாணவர்க்கு நடத்தி வருகிறோம். தகடூர்தானே இன்றைய தருமபுரி. எனவே அந்தப் பாடலை இந்த மண்ணில் நின்று நடத்துகையில் நமக்கு ஒரு தனிச் செருக்கு ஏற்படும். நெல்லிக்கனியில் தொடங்கி, நட்பைச் சொல்லி, பெருந்தமிழ் மரபில் அரசனும் புலவரும் ஒரு கலயத்தைப் பகிர்ந்துகொண்ட சமத்துவத்தில் கொண்டுபோய் முடிப்பது நம் வழக்கம். பல ஆண்டுகளாகக் கைதட்டல் பெற்ற விரிவுரை அது.

சென்ற ஆண்டு அந்த விரிவுரையின் முடிவில் ஒரு மாணவி எழுந்தாள். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“ஐயா, ஔவையார் பாடிட்டு அவங்க ஊருக்குப் போயிருப்பாங்க. அதியமான் வீட்டுக்காரம்மா பாட்டு எதுவும் எழுதலீங்களா?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இல்லை, அப்படியொரு பாடல் தொகுப்பில் இல்லை என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். அவளுடைய தந்தை அன்றாடம் பிற்பகலிலேயே அரசு மதுக்கடைக்குப் போய்விடுவார் என்பதும், கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் இருமுறை அவ்வழியே போனது என்பதும் பின்னர் அவளுடைய தோழியர் வாயிலாகத் தெரிய வந்தது.

அன்றிரவு நமக்கு நினைவில் வந்தவர் ஔவையார் அல்லர், எம் ஆயா. அப்பாவைப் பெற்ற தாய். 1996-இல் இறக்கும்வரை காலத்தை அவர் இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார்: கடை மூடின வருசத்துக்கு முந்தி, கடை மூடின வருசத்துக்குப் பிந்தி. சுதந்திரம் வந்த ஆண்டு எது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. “கடை மூடின வருசம் உங்க பெரியப்பன் கைக்கொழந்த” என்பார். அது 1937 என்பதை நாம் பின்னர் நூல்களில் படித்தே அறிந்தோம். மூடியவர் பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. “ராசாசி” என்பார். ஆளைப் பார்த்ததில்லை. “ஓசூருப் பக்கத்து ஐயிரு, கண்ணாடி போட்டவுரு.” அவ்வளவுதான் அவருடைய அரசியல் அறிவு.

நிற்க. சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை அனைத்தையும் ஒருவர் படித்து முடிப்பது அரிது. அவற்றுள் பெரும்பாலானவை கல்கத்தாவையும் தில்லியையும் நோக்கியே விரைகின்றன: காந்தியடிகளின் சம்பந்தி, வங்காள ஆளுநர், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை தலைமை ஆளுநர், பாரத ரத்னா. அவை குறித்து இங்கு நமக்குச் சொல்ல ஏதும் இல்லை. தருமபுரியில் உட்கார்ந்து பார்க்கையில் தெரியும் இராஜாஜி வேறு. அவர் சேலம் ஜில்லாக்காரர். சென்னை மாகாணத்தை இருமுறை ஆண்டவர். ஒருமுறை இரண்டேகால் ஆண்டு, இன்னொரு முறை இரண்டாண்டு. அந்த நாலேகால் ஆண்டுகளின் இரண்டு ஆணைகள் எம் வீட்டுத் திண்ணைவரை வந்தன. ஒன்றை ஆயா கையெடுத்துக் கும்பிட்டார். மற்றொன்றை அப்பா இன்றுவரை மன்னிக்கவில்லை.

1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தை அவ்வூர் முன்சீப். அப்போது அது சேலம் ஜில்லா. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது தொரப்பள்ளியும் எங்களோடு வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது எங்களை விட்டுப் போனது. நாம் மாணவராக இருந்த காலத்தில் ‘எங்கள் மாவட்டத்து இராஜாஜி’ என்று பேச்சுப் போட்டிகளில் முழங்கியதுண்டு. இப்போது அந்த உரிமை நமக்கில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-இல் சேலத்தில் வழக்கறிஞரானார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். தமிழ் ஆசிரியர்கள் மறந்துவிட்ட ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம்: அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே 1916-இல் சேலத்தில் நண்பர்களுடன் ஒரு கழகம் கண்டவர் அவர். வேதியியலைத் திண்ணைப் பேச்சாக எழுதிய ‘திண்ணை இரசாயனம்’ பின்னாளில் அந்த ஆர்வத்திலிருந்து பிறந்தது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும், அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் அடுத்தடுத்து உயிர்நீத்தபோது மாகாணத்தின் தலைமையில் இருந்தவரும் இவரே என்பதை நம்மால் ஒரே மூச்சில் நினைத்துப் பார்க்க இயலவில்லை. 1950களின் பிற்பகுதியில் அவரே இந்தித் திணிப்புக்கு எதிராக நின்றார். அந்த முரணை ஆராய வேறு கட்டுரை வேண்டும்.

மதுவிலக்குக்கு வருவோம். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, ஓலைக் கூரையின்கீழ் குடியேறினார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவையே ஆசிரமத்தின் பணிகள். 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற மாத இதழை அங்கிருந்து நடத்தினார். உதவியாக இருந்தவர் கல்கி. ஒரு ஜில்லாவின் வறண்ட பகுதிகளில் பத்தாண்டுகள் நடந்து, எந்தக் கிராமத்தில் எந்தக் கடை, எந்தக் கிழமை கூலி நாள், கூலிக்காசு எந்த வழியாகப் போகிறது என்று கண்ட அறிவு அவருக்கு இருந்தது. பட்டணத்துத் தலைவர்களுக்கு அது அறமாக மட்டுமே தெரிந்தது. இவருக்கு அது கணக்காகவும் தெரிந்திருந்தது.

1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களுள் 159-ஐ வென்றது. ஜூலை 14 அன்று இராஜாஜி மாகாணப் பிரதமரானார்; அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர். நிதித்துறையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். மூன்று மாதங்கள் நிறைவதற்குள், அக்டோபர் 1 அன்று, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் எல்லாம் அதனுள் அடக்கம். மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு கள், சாராய வரியிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. கஜானாவைத் தாமே வைத்திருந்த ஒருவர் அந்தக் கால் பங்கில் கைவைக்கத் துணிந்தார். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் செய்யவில்லை. தமக்கு நன்கு தெரிந்த ஜில்லாவில் முதலில் செய்து பார்த்தார். 1938-இல் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வடஆர்க்காடும் தொடர்ந்தன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அத்தகைய முதல் சட்டம் அது. இன்று கடையில் ஒரு பேனா வாங்கினாலும் நாம் வரி கட்டுவதற்கு மூலக்கதை, எம் தாத்தா குடிக்காமல் இருப்பதற்காக வந்த சட்டத்தில் இருக்கிறது என்று வகுப்பில் நாம் சொல்வதுண்டு. வணிகவியல் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள்.

எம் தாத்தாவுக்கு வருவோம். அவர் ஈச்சமரம் ஏறிக் கள் இறக்கியவர். எங்கள் பகுதியில் பனையைவிட ஓடைக்கரை ஈச்சமே அதிகம். இறக்கியதில் ஒரு பகுதி கடைக்குப் போகும். ஒரு பகுதி அவருக்குள்ளேயே போகும். விற்ற காசு மறுநாள் அதே கடைக்குத் திரும்பிப் போகும். ஆயா இதனை ஏற்றத்தில் மாடு முன்னும் பின்னும் போவதோடு ஒப்பிட்டுச் சொல்வார்: “மாடு நடக்கும், நடக்கும், போயிச் சேராது.” அவருடைய இடப்பக்கப் புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதன் வரலாற்றை அவர் சொன்னதில்லை. நாம் கேட்டதுமில்லை.

கடை மூடின மாதத்தில் தாத்தா எட்டு நாட்கள் கை நடுங்கத் திண்ணையில் கிடந்தாராம். பிறகு எழுந்து கல் உடைக்கப் போனார். பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சலாம் என்று உரிமம் கொடுத்தார்கள். சில காலம் அதையும் செய்தார். அவர் முதன்முதலாகக் கூலியை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை ஆயா அளவோடு நினைவில் வைத்திருந்தார்: இரண்டு வள்ளம் அரிசி, ஒரு அச்சு வெல்லம், கைக்குழந்தைக்கு ஒரு முழத் துணி. கேழ்வரகுக் களியே உணவாயிருந்த வீட்டில் அன்று நெல்லுச்சோறு ஆக்கினார்கள். இந்தப் பட்டியலை நாம் குறைந்தது முப்பது முறையாவது கேட்டிருப்போம். ஒரு தடவையும் ஒரு பொருள் கூடியதில்லை, குறைந்ததில்லை. வாய்மொழி வரலாற்றை ஐயத்துடன் அணுக வேண்டும் என்று ஆய்வு மாணவர்க்குச் சொல்லும் நாம், இந்தப் பட்டியலை மட்டும் ஐயுறுவதில்லை.

இதை வைத்து மதுவிலக்கு முழு வெற்றி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரசுகள் மாறுகையில் சட்டமும் மாறியது. 1939 அக்டோபரில் போரை முன்னிட்டு அமைச்சரவை விலகியது. ஆளுநர் ஆட்சியில், போர்க்காலத்தில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கடைகள் திறந்தன, தாத்தா மறுபடியும் மரம் ஏறினார். அந்த இருண்ட இடைவெளியில்தான், 1945-இல், எம் அப்பா பிறந்தார். ஆயா அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். 1946-இல் காங்கிரஸ் மீண்டு வந்தபின் கடைகள் மறுபடி மூடப்பட்டு, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது முதல்வர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். ஆயாவின் கணக்கில் இரண்டாவது மூடலையும் செய்தவர் “ராசாசி”யே. திருத்த முயன்று தோற்றோம்.

இனி அப்பாவின் வழக்கு.

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. ஓய்விலிருந்த இராஜாஜியை அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமிக்க, ஏப்ரலில் முதலமைச்சரானார். அதிகாரத்துக்கு வந்தவுடனேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் வரிசைகளில் நின்று சலித்த மக்கள் அதை வரவேற்றனர். மறு ஆண்டு வந்ததுதான் கிராமத் தொடக்கப்பள்ளிகளுக்கான மாற்றுக் கல்வித் திட்டம். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மாணவர்கள் இரு பிரிவாக முறை வைத்து வருவார்கள். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் உள்ள வேறு தொழிலையோ பழக வேண்டும். இருக்கிற கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் குடிமக்கள் கணக்கு அல்லவே. தந்தை பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டார்கள். அந்த ஒற்றைச் சொல் திட்டத்தைக் கொன்றது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. காலைப் பிரிவு. மூன்று மணி நேரம் முடிந்ததும் சிலேட்டைச் சுழற்றிக்கொண்டு ஓடையில் நண்டு பிடிக்கப் போனதாகவும், அந்த ஓராண்டைப் போல் மகிழ்ச்சியான ஆண்டு தம் வாழ்வில் இல்லை என்றும் அவரே சொல்வார். ஆகவே அவருடைய சினம் சொந்த இழப்பினால் வந்ததன்று. பின்னர் ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து, ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளைக் காட்டிலிருந்து பிடித்து வந்து உட்கார வைத்தவருக்கு, ஒரு முதலமைச்சர் பிள்ளைகளைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பினார் என்பது பொறுக்கவில்லை. அந்த ஆணையைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வேடிக்கை எங்கள் உறவினர் வட்டத்தில் புகழ்பெற்றது:

“அப்பன் தொழிலக் கத்துக்கடான்னாரு. எங்கப்பன் தொழிலு மரமேறிக் கள்ளு எறக்கறது. அதத்தான் அவரே மூடிப்போட்டாரே! நா எதைய்யா கத்துக்கறது?”

எல்லோரும் சிரிப்பார்கள். ஆயா மட்டும் இந்த வேடிக்கைக்குச் சிரித்ததே இல்லை. “மூடுனாரில்ல? அதனாலதான் நீ பள்ளிக்கூடம் போன” என்பார். அப்பா விடமாட்டார்: “அவரு மூடுனது கடைய. பள்ளிக்கூடத்தத் தெறந்தவரு காமராசரு.” இந்த உரையாடலைக் கேட்டே நாம் வளர்ந்தோம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் இதைவிடச் சுருக்கமான விவாதம் இருக்க வாய்ப்பில்லை.

இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நமக்கு ஒன்று தோன்றுகிறது. இரண்டுமே ஒரே மனத்திலிருந்து வந்தவை. ஏழைக்கு எது நல்லது என்பது தமக்குத் தெரியும் என்ற உறுதி கொண்ட மனம். முதல்முறை அவர் சட்டமன்றத்துக்கு வந்தது பட்டதாரிகள் வாக்களிக்கும் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து. இரண்டாம் முறை நியமனத்தால். ஊர் ஊராகச் சென்று தமக்கென வாக்குக் கேட்டு முதல்வரானவரல்லர். தொரப்பள்ளியை உள்ளடக்கிய கிருஷ்ணகிரித் தொகுதியில் 1952-லும் 1957-லும் மக்களவைக்கு நின்று வென்றவர் அவருடைய மகன் சி.ஆர். நரசிம்மன். முதல் ஆணைக்கு முன்னர் பத்தாண்டுகள் புதுப்பாளையத்துக் கூரையின்கீழ் குடியிருந்து ஜில்லாவைக் கேட்டிருந்தார். இரண்டாம் ஆணைக்கு முன்னர் அப்படி யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. அமைச்சர்களையும் கட்சியையும்கூட முறையாகக் கலந்துகொள்ளவில்லை என்பதே அன்றைய குற்றச்சாட்டு. வேறுபாடு இதில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். அப்பா இதை ஏற்பதில்லை. “சாதி” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். அவர் சொல்வதில் பாதியேனும் உண்மை என்று நமக்கும் தெரியும். கைத்தொழிலின் மேன்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், செருப்புத் தைப்பவர் மகன் பிற்பகலில் எதைப் பழகுவான், வழக்கறிஞர் மகன் எதைப் பழகுவான் என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை. அது கிராமப் பள்ளிக்கு மட்டும் வந்ததே தவிர, நகரத்துப் பள்ளிக்கு வரவில்லை.

ஆனால் அதே மனிதர் 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்தவுடன், அதில் ஈடுபட்டோரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க விரைந்து வழிசெய்தவர்; உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை 1938-இல் கொண்டுவந்தவர். சாதி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவற்றை எப்படி அடைப்பது? அப்பாவிடம் கேட்டால் “நீ பேராசிரியரு, அடச்சிப் பாரு” என்கிறார்.

எழுத்தாளர் இராஜாஜியிடமும் இதே இரட்டைத்தன்மை உண்டு. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது; வீடுகள்தோறும் இருந்தது. அவருடைய சிறுகதைகளை இலக்கிய விமர்சகர்கள் பொருட்படுத்துவதில்லை. பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நாமும் ஒதுக்கியவர்தாம். ‘திக்கற்ற பார்வதி’யை அண்மையில் மீண்டும் படித்தோம். குடியால் சிதையும் ஒரு குடியானவக் குடும்பத்தின் கதை. வடிவ நேர்த்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆயினும், கடன் எப்படி ஏறுகிறது, மாடு எப்போது விற்கப்படுகிறது, மனைவி எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறாள் என்பவை நேரில் கண்டவர் எழுதியவை. 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைப் படமாக்கினார். லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்த அந்தப் படம் தொரப்பள்ளியிலேயே எடுக்கப்பட்டது. அதியமானின் மனைவி எழுதாத பாட்டைப் பற்றி அந்தப் பெண் கேட்டபோது நமக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததெல்லாம் இப்படித்தான் மறந்துபோகிறது.

அவருடைய இறுதி ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-இல் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்துத் தம் பழைய கட்சியை வீழ்த்த உதவினார். சுதந்திராவுக்கு இருபது இடங்கள். தாம் உதவிக் கொண்டுவந்த அணியின் ஆட்சியே 1971-இல் மதுவிலக்கை ஒத்திவைக்க முனைந்தது. தொண்ணூற்றிரண்டு வயதில், மழை நாளொன்றில், முதல்வர் கருணாநிதியின் இல்லத்துக்கே நேரில் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆகஸ்ட் இறுதியில் கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார். அதன்பின் மூடுவதும் திறப்பதுமாக வரலாறு போயிற்று: 1974-இல் மூடல், 1981-இல் திறப்பு, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம், 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே. கள் இறக்குவது குற்றம். புட்டியில் அடைத்து அரசு விற்பது வருவாய். தாத்தா இருந்திருந்தால் இந்தக் கணக்கு அவருக்கே புரிந்திருக்காது. மறுபுறம், 2008-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கர்நாடகத்திலும், 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயம் குடித்து மடிந்தவர்களை எண்ணும்போது, மூடிவிட்டால் போதும் என்று சொல்லவும் நா எழவில்லை.

சென்ற தை மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு தொரப்பள்ளி சென்றோம். அவருக்கு எண்பது வயது. வரமாட்டார் என்று எண்ணியிருந்தோம். வேட்டியை மாற்றிக்கொண்டு முதலில் வந்து காரில் உட்கார்ந்தவர் அவர்தாம். இராஜாஜி பிறந்த வீடு அரசின் நினைவில்லமாக இருக்கிறது. ஓட்டுக் கூரை வேய்ந்த சிறிய வீடு. இவ்வளவு சிறியதா என்று நமக்கு வியப்பு. எம் விரிவுரைகளில் அது எப்போதும் பெரிய அக்கிரகாரத்து வீடாக இருந்தது. சுவர்களில் புகைப்படங்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளி ஆய்வாளரைப் போல், ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று விளக்க எழுத்துகளை முழுதாகப் படித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறாரோ என்று நமக்கு ஐயம்.

மூப்படைந்த இராஜாஜியின் படம் ஒன்றின் முன் நெடுநேரம் நின்றார். வழுக்கைத் தலை, கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு.

“கண்ணாடி போட்டவருதான்” என்றார்.

வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்தோம். தென்பெண்ணைப் பக்கமிருந்து காற்று வந்தது. குலக்கல்வியைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று காத்திருந்தோம். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“எங்கம்மாவ ஒருக்கா கூட்டியாந்திருக்கலாம்” என்றார். “இங்கிருந்து பஸ்ஸு அப்பவே இருந்துச்சு. எனக்குத் தோணல.”

சிறிது நேரம் கழித்து, “தோணியிருந்தாலும் கூட்டியாந்திருக்கமாட்டேன்னு வெச்சுக்க” என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி தாண்டியதும், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, மதுக்கடையின் முன் பிற்பகலிலேயே கூட்டம். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நாம் அந்த மாணவியைப் பற்றி அவரிடம் சொன்னோம். அதியமான் மனைவியைப் பற்றி அவள் கேட்டதையும் சொன்னோம். அவர் உடனே கேட்டது, “கட்டணம் கட்டிட்டாளா?”

கட்டிவிட்டாள் என்றோம். எப்படி என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அவள் இப்போது இரண்டாமாண்டு. அந்தப் பாடல் இவ்வாண்டும் முதலாண்டுப் பாடத்தில் இருக்கிறது. ஆவணி இறுதியில் அந்தப் பகுதிக்கு வருவோம். கலயத்தையும் சமத்துவத்தையும் பற்றிய அந்தக் கடைசிப் பத்தியை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.